வியாழக்கிழமை தோசை

எங்கள் மில்லில் முதல் ஆட்சி கவிழ்ந்தது ஒரு வியாழக்கிழமை காலையில். ஊழல் புகார் எதுவும் இல்லை. கோஷ்டிப் பூசல் இல்லை. தலைவர் நல்ல மனிதர், உடம்புக்கும் ஒரு குறையும் இல்லை. தோசை இல்லை, அவ்வளவுதான்.

ஆட்சி என்று நான் சொல்வது கேன்டீன் கமிட்டியை. வெளியில் இருப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு மாதம் மதியச் சாப்பாடு சாப்பிட்டுப் பாருங்கள், சிரிப்பு நின்றுவிடும். டெல்லியில் யார் உட்காருகிறார் என்பது இங்கே டீ குடிக்கும்போது பேசுகிற விஷயம். சாம்பாரில் முருங்கைக்காய் வருமா வராதா என்பதுதான் சட்டையைப் பிடிக்கிற விஷயம். அதைத் தீர்மானிக்கிற கமிட்டியில் பாதிப் பேரை நிரந்தரத் தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள், மீதிப் பேரை நிர்வாகம் நியமிக்கும். நான் நியமிக்கப்பட்டவள். கமிட்டியில் ஒரு பெண் இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று மேனேஜருக்கு ஒரு நாள் தோன்றிவிட்டது. மில்லில் பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி கேன்டீனில் சமைக்கிற அக்கா. சமைப்பவளையே சமையலுக்கு மேற்பார்வை போட முடியாது. மிச்சம் நான்.

என் வேலை கொள்முதல். பழைய இரும்பை வாங்கி, மின்சார உலையில் உருக்கி, வீடு கட்டுகிற கம்பியாக இழுத்து விற்பது எங்கள் மில்லின் தொழில். எந்த தேசத்திலோ ஓட்டித் தேய்த்த கார், எவரோ இடித்துப் போட்ட பாலம் எல்லாம் பெட்டி பெட்டியாகக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இறங்கி எங்கள் வாசலுக்கு வரும். அதற்கெல்லாம் டாலரில் விலை. ஆகவே தினமும் காலையில் பொன்னேரியில் ரயில் ஏறினால் கவரைப்பேட்டை வருவதற்குள் கைபேசியில் டாலர் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிடுவேன். மகளிர் பெட்டியில் மற்ற பெண்கள் பூக் கட்டுவார்கள், கீரை ஆய்வார்கள். நான் டாலர் ஆய்வேன். பக்கத்தில் இருப்பவர்கள் எனக்கு ஏதோ வியாதி என்று நினைத்துக்கொண்டு நகர்ந்து இடம் கொடுப்பார்கள்.

தோசை எப்படி வியாழக்கிழமைக்கு வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பல வருடங்களுக்கு முன் கரண்ட் பற்றாக்குறை வந்து ஊரெல்லாம் இருண்டு கிடந்தபோது, மில்களுக்கு வாரத்தில் ஒரு நாள் மின்சாரம் கிடையாது என்று வைத்தார்கள். பவர் ஹாலிடே என்று அதற்கு அழகான பெயர். எங்களுக்கு அது வியாழன். உலை அணைந்திருக்கும், ஆனால் ஆட்கள் துடைக்கவும் துப்புரவு பண்ணவும் வருவார்கள். அவசரம் இல்லாத நாள் என்பதால் வரிசையில் நின்று ஒவ்வொன்றாகச் சுட்டு வாங்கித் தின்ன நேரம் இருந்தது. அப்போதுதான் அக்கா கேன்டீனுக்குப் புதிதாக வந்திருந்தாள். "கரண்ட் இல்லாத நாளு, அடுப்பாவது எரியட்டும் நைனா" என்று தோசைக்கல்லை ஏற்றினாள். பிறகு கரண்ட் வந்தது, பவர் ஹாலிடே போனது, உலை வியாழனிலும் எரிய ஆரம்பித்தது. தோசை மட்டும் போகவில்லை. ஒருமுறை கொடுத்த சலுகையை எந்த அரசாங்கம் திரும்ப வாங்கியிருக்கிறது?

அக்காவுக்கு ஊர் ஆரம்பாக்கம் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டி. ஆண்கள் எல்லோரையும், மேனேஜர் உட்பட, நைனா என்றுதான் கூப்பிடுவாள். மேனேஜருக்கு அது பிடிக்காது, ஆனால் அவள் ரசத்துக்காகப் பொறுத்துக்கொள்வார். மகள் திருவள்ளூரில் நர்சிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் உலகம் அந்தக் கேன்டீன்தான். சுவரில் அவள் ஒட்டிய சாமி படம், ஜன்னலில் அவள் வளர்த்த கற்பூரவல்லி, அவள் தவிர வேறு யாரும் தொடக் கூடாத ஒரு கரண்டி.

அப்போதுதான் கடலுக்கு அப்பால் சண்டை வந்தது. யார் யாரோடு என்று இங்கே எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது, நான் அதற்குள் போகவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கப்பல்கள் போகிற ஒரு குறுகலான கடல் வழி அடைபட்டது. எண்ணெய் விலை எகிறியது. ரயிலில் டாலரைப் பார்த்து நானே ஒரு நாள் "அய்யோ" என்று சத்தமாகச் சொல்ல, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா என் கையைப் பிடித்து "யாருக்கு இன்னா ஆச்சும்மா?" என்று கேட்டாள். கப்பல் வாடகை ஏறி, பழைய இரும்பும் ஏறியது. கம்பி விலையை மட்டும் ஏற்ற முடியவில்லை, வாங்குகிற ஆள் வீடு கட்டுவதையே ஒத்திப்போட்டுவிட்டான். சென்னையில் இருக்கிற முதலாளிக்கு வங்கி முகம் கொடுக்கவில்லை. முதலாளி மேனேஜருக்கு முகம் கொடுக்கவில்லை. மேனேஜர் ஓவர்டைமை நிறுத்தினார்.

கேஸ் சிலிண்டர் வருவதும் குறைந்தது. வீடுகளுக்கு முதலில், கடைகளுக்கும் கேன்டீன்களுக்கும் அப்புறம் என்று ஏஜென்சிக்காரர் சொல்லிவிட்டார். அதில் தப்பு சொல்ல முடியாது, என் வீட்டு அடுப்பும் அந்த 'முதலில்'-இல் இருந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "மேடம், எனக்கு ஏற்கெனவே ஆயிரம் தலைவலி. கேன்டீனால ஒரு கலாட்டா வந்தாலும் இழுத்து மூடிட்டு, வெளியில இருந்து பொட்டலம் வரவெச்சுடுவேன். அந்த அம்மாகிட்ட சொல்லிடுங்க" என்றார். நான் சொன்னேன். அக்கா கற்பூரவல்லிக்குத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு, "பொட்டலம் வந்தா நான் எங்கம்மா போறது?" என்றாள்.

கலாட்டா வராமல் இருக்க அவள் ஒரு காரியம் செய்தாள். இட்லிக் கொப்பரையில் ஒரே தீயில் ஊருக்கே வேகவைக்கலாம். தோசையோ ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கேஸைத் தின்னும். ஆகவே வியாழக்கிழமையும் இட்லி. மூளை உள்ள எவரும் இதைத்தான் செய்வார்கள். ஆனால் மூளை உள்ள காரியங்களுக்கு ஓட்டு விழுவதில்லை.

அப்போது கமிட்டித் தலைவராக இருந்தவர் மேலே கிரேன் ஓட்டுகிறவர். நாள் முழுவதும் கூரைக்கு அடியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து எல்லோரையும் உச்சந்தலையிலிருந்து பார்த்துப் பழகியவர். மக்களுக்கு விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று அவருக்கு நம்பிக்கை. வீட்டிலிருந்து தன் பிள்ளையின் உலக வரைபடத்தைக் கொண்டுவந்து கேன்டீன் வாசலில் ஒட்டினார். அடைபட்ட கடல் வழியைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, அங்கிருந்து ஓர் அம்புக்குறி இழுத்து, தோசை தற்காலிகமாக நிறுத்தம் என்று எழுதினார். புது மெனு என்று நினைத்துக் கூட்டம் கூடியது. கொஞ்ச நேரம் எல்லோரும் படித்தார்கள்.

"இதுல கும்மிடிப்பூண்டி எங்கீது?" என்று ஒருவர் கேட்டார்.

கிரேன்காரர் தேடினார். சென்னையே ஒரு புள்ளி. கும்மிடிப்பூண்டி இல்லை.

"நம்ம ஊரே இல்லாத மேப்ப ஒட்டிக்கினு, நம்ம தோசைய நிறுத்திக்கினு கீறியே தலைவரே" என்றார் பின்னாலிருந்து ஒருவர். அவர் ஃபிட்டர். சோழவரத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் வைத்திருக்கிற குடும்பம். பருவம் வந்தால் லீவு போட்டுவிட்டு நாற்று நடப் போவார். நன்றாகப் பேசுவார், அதுதான் அவருடைய பலமும் வியாதியும்.

சிரிப்பு எழுந்தது. சிரிப்போடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் தட்டு தட்ட ஆரம்பித்தார்கள். ஸ்பூனால் காலித் தட்டைத் தட்டுகிற சத்தம் தகரக் கூரையில் ஏறி, எங்கள் ஆபீஸ் வரை வந்தது. நான் இறங்கி வந்து பார்க்கும்போது கிரேன்காரர் வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். "எனக்கு இந்தப் பேஜாரே வேணாம் மேடம். நான் மேலயே இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறிவிட்டார். சாயங்காலம் வரை இறங்கவில்லை.

எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது, தட்டு தட்டியவர்கள்மேல் கோபமாகவும் இருந்தது. ஆனால் யோசித்தால் அவர்கள் தட்டியது தோசைக்காக மட்டுமா? அந்த வாரம் ஓவர்டைம் போயிருந்தது. பால் ஏறியிருந்தது, பஸ்சுக்கு நிற்கிற நேரம் ஏறியிருந்தது. அதற்கெல்லாம் யாரைத் தட்டுவது? டாலர் கேன்டீன் வாசலில் வந்து நிற்பதில்லை. வங்கியை ஓட்டுப் போட்டு இறக்க முடியாது. கடல் வழியை அடைத்தவர்களை நாங்கள் தேர்ந்தெடுக்கவே இல்லை. கைக்கு எட்டுகிற தூரத்தில் இறக்கக்கூடியவராக இருந்தவர் கிரேன்காரர் ஒருவர்தான். அன்று சாயங்காலம் வீட்டில் டி.வி.யில் எந்த நாட்டிலோ ஜனங்கள் மந்திரி வீட்டைச் சுற்றி நின்று கத்தினார்கள். "அங்க இன்னா பிரச்சினை?" என்று கணவர் கேட்டார். "அங்கேயும் வியாழக்கிழமை" என்றேன்.

தேர்தல் என்றதும் மில்லுக்குப் புது ரத்தம் ஓடியது. வேலை குறைந்திருந்தது, பேச நேரம் இருந்தது. ஃபிட்டர் இரண்டு விஷயங்களைக் கையில் எடுத்தார். முதலாவது, ரொட்டி. ஒப்பந்தத்தில் வேலை செய்கிற வடக்கத்தி ஆட்கள் காலையும் மதியமும் கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் பின்பக்கச் சுவருக்கு வெளியே ரொட்டி சுடுவார்கள். "அவங்க ரொட்டிக்கு மட்டும் கேஸ் எங்கேர்ந்து வருது? நம்ம தோசைக்கு இல்லையா?" என்று ஃபிட்டர் கேட்டார். அவர் அதைக் கேள்வியாகத்தான் கேட்டார். பஸ் ஏறுவதற்குள் அது பதிலாகிவிட்டது. அக்கா சிலிண்டரைப் பின்பக்கமாகக் கைமாற்றிவிடுகிறாளாம். அவளுக்கு அதில் டப்பு உண்டாம்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. அன்று சாயங்காலமே சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். செங்கல்லை அடுக்கி, உடைந்த பெட்டிப் பலகைகளைப் பிளந்து எரித்து, அதன்மேல் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். புகையில் கண் எரிந்தது. நல்ல தமிழ் பேசுகிற ஓர் ஆள் எனக்கு ஒரு ரொட்டியும் பச்சை மிளகாயும் கொடுத்தார். மறுநாள் நான் கேன்டீனில் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். எல்லோரும் கவனமாகக் கேட்டார்கள். "மேடமுக்கே ரொட்டி குடுத்து மடக்கிட்டாங்க" என்ற செய்தி மதியத்துக்குள் உலை வரை போய்விட்டது.

இரண்டாவதுதான் ஃபிட்டரின் பெரிய வாக்குறுதி. எங்கள் மில்லில் உருக்கிய இரும்பை முதலில் நீளக் கட்டைகளாக வார்ப்பார்கள். தணல் மாதிரி வெளியே வந்து, ஒரு மேடையில் வரிசையாகக் கிடந்து ஆறும். அந்த மேடையின் ஓரம் காலம் காலமாக எங்கள் ஆட்களுக்கு அடுப்பு. டிபன் பாக்ஸ் சூடு பண்ணுவார்கள், வேர்க்கடலை வறுப்பார்கள், சீசனில் சோளக் கதிர் வாட்டுவார்கள். பாதுகாப்பு ஆபீசர் வருகிற வாசனை தெரிந்தால் எல்லாம் மறைந்துவிடும். ஃபிட்டர் இந்த வழக்கத்தைத்தான் கொள்கையாக்கினார். "கேஸ் எதுக்கு? நம்மகிட்ட இல்லாத சூடா? அந்த மேடைமேல தடிப் பிளேட்டு ஒண்ண வெச்சா மில்லுக்கே தோசை சுடலாம். எந்த நாட்டுக்காரன் கால்லயும் வுழத் தேவையில்ல."

சொந்தச் சூட்டில் சொந்தத் தோசை. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது. எனக்கே ஒரு நிமிடம் புல்லரித்தது. ஃபிட்டர் அமோகமாக ஜெயித்தார்.

பதவியேற்ற முதல் வியாழன், காலை ஷிஃப்டில், பாதுகாப்பு ஆபீசர் லீவில் இருக்கிற நாளாகப் பார்த்து ஏற்பாடு நடந்தது. வண்டி எடைபோடும் மேடைக்கு வாங்கிய தடித் தகடு ஒன்றை வெட்டித் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்தார்கள். அக்கா மாவுக் குண்டானோடு வந்தாள். அவளும் உற்சாகமாகத்தான் இருந்தாள், கண்ணில் மை இட்டிருந்தாள். தகட்டைக் கட்டைகளின் மேல் ஏற்றினார்கள். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். எங்கள் ஆட்கள் இரும்பின் சூட்டை நிறத்தை வைத்துச் சொல்கிறவர்கள். வெள்ளையாக இருந்தால் ஓடு, ஆரஞ்சாக இருந்தால் தள்ளி நில், சிவப்பாக இருந்தால் கவனம், கறுப்பாகிவிட்டால் பயமில்லை. தகடு கறுப்பாகத்தான் இருந்தது. "இன்னும் சூடேறல" என்று காத்திருந்தார்கள். மெல்லச் சிவக்க ஆரம்பித்ததும், "இப்ப ஊத்து அக்கா" என்றார் ஃபிட்டர்.

ஊற்றினாள். மாவு தகட்டில் உட்காரவே இல்லை. பந்து பந்தாக உருண்டு, குதித்து, கருகி, இரண்டு பேர் சட்டையில் போய் விழுந்தது. புகை அடங்கியதும் பார்த்தால் தகட்டில் கரி. சரி, கீழே இறக்கி ஆறவிடுவோம் என்று இறக்கினார்கள். ஆறியது, ஊற்றினார்கள். முதல் தோசை பாதி வெந்தது, அடுத்தது மாவாகவே கிடந்தது. மறுபடி ஏற்றினார்கள், மறுபடி கரி. நடுவில் கட்டையிலிருந்து உரிந்த கறுப்புச் செதில்கள் மாவில் விழுந்தன. "இரும்புச் சத்து நல்லதுதான்பா" என்று யாரோ சொல்ல, அக்கா சிரித்த சிரிப்பில் கரண்டி கையிலிருந்து நழுவியது. இந்த ஏற்ற இறக்கத்தில் எப்படியோ ஒரே ஒரு தோசை சரியாக வந்தது. வட்டமாக, பொன்னிறமாக, ஓரம் மொறுமொறுவென்று. ஃபிட்டர் அதைத் தட்டில் ஏந்தி நின்று படம் எடுத்துக்கொண்டார். படம் மில் குரூப்பில் போனது. அன்று இரண்டாம் ஷிஃப்டில் இருந்தவர்கள், லீவில் இருந்தவர்கள், உலைப் பக்கத்தில் இருந்து வர முடியாதவர்கள் எல்லோரும் தங்களைத் தவிர மற்றவர்களுக்கெல்லாம் தோசை கிடைத்துவிட்டதாக இன்றுவரை நம்புகிறார்கள்.

படம் மேனேஜருக்கும் போனது. அவர் தோசையைப் பார்க்கவில்லை, தோசைக்குப் பின்னால் சிவந்து கிடந்த கட்டைகளைப் பார்த்தார்.

ஃபிட்டரைப் பார்த்துக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கத்தினால் ஃபிட்டர் தியாகியாகிவிடுவார் என்று அவருக்குத் தெரியும். கமிட்டியைக் கூட்டி, மிகவும் பவ்யமாகப் பேசினார். "நான் முடிவெடுத்தா சர்வாதிகாரம்னு சொல்லுவீங்க. நீங்களே ஓட்டுப் போட்டு முடிவு பண்ணுங்க. கேன்டீன் வேணுமா, பொட்டலம் வேணுமா? பொட்டலத்துல வியாழக்கிழமை பிரியாணி." பிரியாணி என்ற சொல்லை அவர் கடைசியில், லேசாகத்தான் சொன்னார். ஃபிட்டர் தலை நிமிர்ந்தார்.

ஓட்டு யாருக்கு என்று நான் கேட்டேன். நிரந்தரத் தொழிலாளர்களுக்கும் ஸ்டாஃபுக்கும் என்றார். "கேன்டீன்ல ரெண்டு வேளையும் சாப்பிடறது ஒப்பந்த ஆளுங்கதானே சார்? நம்மாளுங்க பாதிப் பேரு ஊட்லேர்ந்து டிபன் எடுத்தாந்துடறாங்க" என்றேன். "ரூல் அப்படி மேடம்" என்றார். அக்காவும் காண்ட்ராக்ட். அவளுக்கும் இல்லை. வெளியே வந்தபோது ரொட்டி கொடுத்த ஆள் நின்றிருந்தார். "மேடம், நம்ம ஓட்டு?" என்றார். உங்கள் ஓட்டு உங்கள் ஊரில் என்றேன், வேறென்ன சொல்ல. "ஊர்ல போனா, நீ இங்க இல்லியே, உனுக்கு இன்னா ஓட்டுன்றாங்க" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சீட்டில் சின்னம் வரைந்தது எங்கள் ஆபீஸ். ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் பொட்டலம். வெல்டிங் ராடு வந்த காலி டப்பாதான் ஓட்டுப் பெட்டி. எடைமேடை அறைக்குள் ஒவ்வொருவராகப் போய்க் குத்திவிட்டு வர வேண்டும். ஃபிட்டர் நடுநிலை என்று அறிவித்துவிட்டார். அக்கா யாரிடமும் போய்க் கேட்கவில்லை. ஓட்டுக்கு முந்தின நாள் மட்டும் இருந்த கேஸையெல்லாம் செலவழித்து வடை சுட்டாள், ஆளுக்கு ஒன்றுக்கு இரண்டாக வைத்தாள். "இது லஞ்சமாம்மா?" என்று என்னைக் கேட்டாள். "இல்லக்கா, வடை" என்றேன். நான் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எல்லோரும் திருப்தியாகத் தின்றார்கள், அவள் தோளைத் தட்டினார்கள், பார்த்துக்கலாம் அக்கா என்றார்கள். எனக்கு நம்பிக்கை வந்தது. மறுநாள் நான் அடுப்பில் குத்தினேன், அழுத்தமாக.

பொட்டலம் ஜெயித்தது. கொஞ்ச நஞ்ச வித்தியாசத்தில் இல்லை.

அன்று அக்கா சாமி படத்தைக் கழற்றினாள், கரண்டியை முந்தானையில் சுற்றினாள். கற்பூரவல்லித் தொட்டியைத் தூக்க நாலு பேர் ஓடி வந்தார்கள். ஓடி வந்த எல்லோரும், ஒருவருக்குக் கேட்காமல் ஒருவர், அவள் காதில் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "அக்கா, நான் உனக்குத்தான் போட்டேன்." அவள் எல்லோரிடமும் தலையை ஆட்டினாள். மகளின் கடைசி வருடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

வாக்களித்தபடியே பிரியாணி வந்தது. முதல் வியாழன் கறியோடு. அடுத்தது முட்டையோடு. டீசல் ஏறியது, மசாலா ஏறியது என்று பொட்டலக்காரர் ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் கொண்டுவந்தார், காரணமெல்லாம் உண்மைதான், நானே ரயிலில் பார்த்தவைதான். பிரியாணி குஸ்காவானது. குஸ்கா தக்காளி சாதமானது. வண்டி வருகிற நேரமும் தள்ளிக்கொண்டே போனது. ஃபிட்டர் குரூப்பில் தன் தோசைப் படத்தை மறுபடியும் போட்டார். கிரேன்காரர் மேலே இருந்து அதற்கு ஒரு கும்பிடு அனுப்பினார்.

எங்கள் பின்பக்கச் சுவருக்கு வெளியே, வடக்கத்தி ஆட்கள் ரொட்டி சுடுகிற அதே செங்கல் அடுப்பில், ஒரு வியாழக்கிழமை காலை புகை எழுந்தது. நாஷ்டா நேரம். முதலில் தோசை வாசனையை உணர்ந்தவர்கள் உலைக்காரர்கள். அடுப்பை வடக்கத்தி ஆட்கள்தான் கொடுத்தார்களாம், பலகைகளையும் அவர்களே பிளந்து கொடுத்தார்களாம். கல், கரண்டி, மாவு அக்காவுடையது. சுவரில் ஆணி அடித்துச் சாமி படம் மாட்டியிருந்தாள். செய்தி பரவி, மில்லே பின்வாசலில் வந்து நின்றது.

அக்கா இரண்டு வரிசை போடச் சொன்னாள். "ஓட்டு இல்லாதவங்கெல்லாம் இந்தாண்ட முன்னாடி நில்லுங்க நைனா. ஓட்டு இருக்கிறவங்க அந்தாண்ட." முன் வரிசையில் தோசை விழ விழப் போய்க்கொண்டிருந்தது. ரொட்டி கொடுத்த ஆள் இரண்டு தட்டோடு என்னைத் தாண்டிப் போனார். எங்கள் வரிசை நகரவே இல்லை. தட்டு தட்டுகிற தைரியம் யாருக்கும் வரவில்லை.

நான் சிநேகிதி ஆயிற்றே. வரிசையை விட்டு நேராக அடுப்பிடம் போனேன். புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மேடம், நீங்களும் அந்தாண்டதான்."

"அக்கா, நான் உனக்குத்தான் போட்டேன்" என்றேன். சொல்லும்போதே அந்த வாக்கியம் எனக்கு ஏற்கெனவே கேட்ட மாதிரி இருந்தது.

"எல்லாரும் அதத்தாம்மா சொல்றாங்க" என்றாள், கோபம் கொஞ்சமும் இல்லாமல், தோசையைத் திருப்பிக்கொண்டே. "எனக்குப் போட்டேன்னு சொன்னவங்கள மட்டும் எண்ணினாக்கூட நான் ஜெயிச்சிருக்கணுமே."

திரும்பிப் போய் நின்றேன். வரிசையின் கடைசியில், ஃபிட்டருக்குப் பின்னால். வெயில் சுவரைத் தாண்டி ஏறிவிட்டது. உள்ளே பொட்டல வண்டி வந்த ஹாரன் கேட்டது, யாரும் நகரவில்லை. ஒருவழியாக எங்கள் முறை வந்தபோது அக்கா குண்டானைச் சாய்த்து வழித்து ஊற்றினாள். கடைசி தோசை. அது ஃபிட்டருக்கு விழுந்தது.

அவர் ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நானும் அக்காவுக்குத்தான் போட்டேன் மேடம், சத்தியமா" என்றார்.

நான் நம்பவில்லை. "நானும்தான்" என்றேன். அவரும் நம்பவில்லை.